‘நேத்து ஆளையே காணோமே?’

சேலம் அம்மாப்பேட்டையில் என் பெரியப்பா தினமும் காலை ஆறு மணிக்கு டீ குடிக்கப் போவார். வீட்டில் டீ கிடைக்காமல் இல்லை. அண்ணி போடும் டீ கடை டீயைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் நாற்பது வருஷமாக அந்தக் கடைதான், அதே மர பெஞ்சுதான். போன ஆண்டு ஒருநாள் அவர் தெருவைக் கடந்து வந்து உட்கார்ந்ததும் கடைக்காரர் கேட்டிருக்கிறார்: “ஏங்கய்யா, ஒத்தச் செருப்பு அங்கயே கெடக்குது, நீங்க பாட்டுக்கு வந்துட்டீங்க?”

பெரியப்பா குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. பத்தடி தள்ளி, சாக்கடை ஓரமாகக் கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

“முந்தாநேத்தும் இப்படித்தானுங்க ஆச்சு. நான்தான் எடுத்துட்டு வந்து போட்டேன். சுகர் பாத்தீங்களா?” கடைக்காரரின் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். கடைசியில் கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டதாம்.

சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் பழுதாகும். பாதத்தில் உணர்ச்சி மெல்லக் குறையும். செருப்பு கழன்று போவது தெரிகிறதா என்பது சர்க்கரை நோயாளிகளிடம் டாக்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. பெரியப்பாவை அழைத்துப் போனபோது டாக்டர் மெல்லிய நைலான் இழை ஒன்றால் அவர் உள்ளங்காலை ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். பாதி இடங்களில் தொட்டதே தெரியவில்லை. குதிகால் பக்கம் ஒரு சின்னப் புண் வேறு இருந்தது. வலியே இல்லாததால் அவர் அதைக் கவனிக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரியப்பா ஒண்டிக்கட்டை அல்ல. பெரியம்மா போய்ச் சேர்ந்த பிறகும் மகன், மருமகள், பேத்தி என்று நிறைந்த வீடு. யாருக்கும் அவர்மேல் அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்குள் யார் செருப்புப் போட்டு நடக்கிறார்கள்? வீட்டில் இருப்பவர்களால் பார்க்கவே முடியாத ஒன்றை, தினமும் அவர் தெருவைக் கடந்து வருவதைப் பார்க்கிற ஒரு கண்தான் பார்த்தது.

வயதான காலத்தில் நாலு பேரோடு பழகினால் நல்லது என்று சொன்னால், மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். மனசு பாதிதான். மீதிப் பாதி ரத்த அழுத்தம், தூக்கம், சாப்பாடு, நடை, மூளை, அப்புறம் இந்தச் செருப்பு மாதிரியான சின்னச் சின்ன விஷயங்கள்.

இதை எண்களில் தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று 1979-ல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் 6,928 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள் லிசா பெர்க்மன், லியோனார்ட் சைம் என்ற இரண்டு ஆய்வாளர்கள். மணவாழ்க்கை, நண்பர்கள், உறவினர்கள், வழிபாட்டுக் கூட்டம், சங்கம் என்று எந்தப் பிடிப்பும் இல்லாதவர்கள், பிடிப்பு நிறைய உள்ளவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக அந்தக் காலத்துக்குள் இறந்துபோனார்கள். புகை, குடி, ஏற்கெனவே இருந்த நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற ஆய்வாளரின் குழு இப்படிப்பட்ட 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. உறவு வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்கிறது. ஆண்டுக்கு சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களை அதோடு தொடர்புபடுத்துகிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஆள் பழக்கம் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் ஆள் பழக்கம் குறைந்ததா? முட்டி வலிக்காரர் கோயிலுக்குப் போவதை நிறுத்துகிறார். மறதி தொடங்கியவர் கல்யாண வீட்டில் பெயர் மறந்துவிடுமோ என்று ஒதுங்குகிறார். இரண்டும் நடக்கத்தான் செய்கின்றன. பாதிப் பேரைப் பத்து வருஷம் தனியாக அடைத்து வைத்துப் பரிசோதிக்க முடியாது என்பதால் முழுமையான நிரூபணம் கிடைப்பதும் கஷ்டம். ஆனால் தொடக்கத்தில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் தொடர்கிறது. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் 1997-ல் வெளியிட்ட பரிசோதனை எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது. 276 ஆரோக்கியமான ஆட்களின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டு சொட்டாக விட்டு, தனி அறைகளில் வைத்துக் கவனித்தார்கள். 18 முதல் 55 வயதுக்காரர்கள்தான், முதியவர்கள் அல்ல. கிருமி எல்லார் மூக்கிலும் போனது. ஆனால் எல்லாருக்கும் சளி பிடிக்கவில்லை. துணை, பெற்றோர், பிள்ளைகள், சொந்தக்காரர், அக்கம்பக்கம், வேலைத்தோழர், வழிபாட்டுக் கூட்டம் என்று ஆறு வகைக்குக் குறையாமல் உறவு வைத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்று வகையோ அதற்கும் குறைவாகவோ வைத்திருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் அபாயம் நான்கு மடங்குக்கும் மேல். இதில் கவனிக்க வேண்டியது, எத்தனை பேர் என்பதைவிட எத்தனை விதமான ஆட்கள் என்பது. நூறு சொந்தக்காரர் இருக்கலாம். அது ஒரே ஒரு வகைதான்.

தனிமை உடம்பில் வேலை செய்யும் விதத்தைப் பற்றி ஜான் கசியோப்போ என்ற சிகாகோ ஆய்வாளர் தன் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டார். தனக்கு யாருமில்லை என்று உணரும் மனிதனின் உடம்பு எப்போதும் காவலுக்கு நிற்கிற மாதிரி இருக்கும் என்பது அவர் விளக்கம். தூங்கினாலும் துண்டு துண்டான தூக்கம். வருஷங்கள் போகப் போக மேல் அளவு ரத்த அழுத்தம் மெல்ல ஏறுகிறது. மன உளைச்சலின்போது சுரக்கும் ஹார்மோன்கள் அடங்காமல் இருப்பதால் உள்ளழற்சி, அதாவது வெளியே தெரியாமல் உடம்புக்குள் ஓடும் அழற்சி, நீடிக்கிறது. அது இதயக் குழாயையும் மூளைக் குழாயையும் கெடுக்கிறது. இதற்கெல்லாம் ரத்தப் பரிசோதனை வேண்டும். இன்னொன்றை நாமே சமையலறையில் பார்க்கலாம். தனக்கு மட்டும் சமைக்கும் அம்மா, “எனக்கு ஒருத்திக்கு எதுக்குக் கொழம்பு?” என்று மோர் ஊற்றிக் கரைத்து ஒரு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவார். பருப்பு இல்லை, முட்டை இல்லை, காய் இல்லை. ஆறு மாதத்தில் தொடைச் சதை வற்றும். தொடைச் சதை வற்றினால் கழிவறையில் எழுந்திருக்கும்போது தடுமாறும். இடுப்பெலும்பு முறிவு என்று ஆஸ்பத்திரியில் எழுதுவார்கள். தொடக்கம் அந்தக் குழம்பில் இருந்தது என்று யாரும் எழுதமாட்டார்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தனியாக இருப்பது வேறு, தனிமையாக உணர்வது வேறு. இந்தியாவில் 2017-18-ல் 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த முதுமை குறித்த தேசிய ஆய்வின்படி, அறுபது வயதைத் தாண்டியவர்களில் தனியாகக் குடியிருப்பவர்கள் சுமார் 6 சதவீதம்தான். அப்படியானால் நமக்குப் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட முடியுமா? எனக்குத் தெரிந்து, ஐந்து பேர் இருக்கும் வீட்டில் காலை எட்டரைக்கு எல்லாரும் கிளம்பிப் போனபின் சாயங்காலம் ஆறு வரை டிவியோடு மட்டும் இருக்கும் தாத்தாக்கள் சூரமங்கலத்திலும் அழகாபுரத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆறு மணிக்கு வீடு நிறைகிறது. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் போன். “சாப்ட்டீங்களா”, “மாத்திரை போட்டீங்களா” என்ற இரண்டு கேள்விகளோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டும் அக்கறையான கேள்விகள்தான். ஆனால் அவருக்குச் சொல்ல இருப்பதை அவை கேட்பதில்லை.

எங்கள் தெரு ஒரு காலத்தில் இதற்கு வேறு ஏற்பாடு வைத்திருந்தது. அதை யாரும் ஆரோக்கியத்துக்காகச் செய்யவில்லை, தொழிலுக்காகச் செய்தார்கள். அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி எல்லாம் கைத்தறி ஊர்கள். சேலம் வெண்பட்டு வேட்டி இங்கே நெய்வது. வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பாவு நூலை, அதாவது துணியின் நீளவாக்கு இழைகளை, இழுத்துக் கட்டுவார்கள். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட, இருபுறமும் ஆட்கள் நிற்க வேண்டும். தறிக்காரர் ஒருவரால் ஆகிற வேலை இல்லை அது. இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு. எழுபது வயதுக்காரருக்கும் அங்கே இடம் உண்டு, கண் மங்கினாலும் விரல் நுனிக்கு இழை தெரியும் என்பதால். எங்கள் பாட்டி திண்ணையில் ராட்டையை வைத்துத் தார் சுற்றுவார், அதாவது தறி நாடாவுக்குள் வைக்கும் குறுக்கிழை நூலை. எண்பதாவது வயதிலும் சுற்றினார். தார் தீர்ந்தால் தறி நிற்கும், அதனால் பாட்டியைத் தேடி நாளைக்கு ஐந்து முறையாவது ஒரு பையன் வருவான். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். அவர் ஒருநாள் திண்ணையில் இல்லையென்றால் அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும்.

விசைத்தறி வந்தது. பாவு ஆலையிலிருந்து உருளையில் சுற்றியே வந்தது. பிள்ளைகள் படித்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் போனார்கள். திண்ணையை இடித்துவிட்டு பைக் நிறுத்தக் கம்பிக் கதவு போட்டோம். இதில் யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. குழித்தறியில் கால் தொங்கப் போட்டு முதுகு வளைந்த வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க யார் ஆசைப்படுவார்கள்? அந்தத் திண்ணைகள் எல்லாருக்கும் திறந்திருந்தவையும் அல்ல. சாதி பார்த்து உட்கார வைத்தார்கள், சாதி பார்த்துக் கீழே நிற்க வைத்தார்கள். தாலியறுத்த பெண் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது என்று உள்ளே அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் பல வீடுகளில் முழுசாகப் போகவில்லை. புருஷனை இழந்து ஏற்கெனவே பாதி உலகம் சுருங்கிப்போன ஒரு பெண்ணை, மீதி உலகத்திலிருந்தும் நாமே தள்ளிவைப்பது அது. பழசை அப்படியே திரும்பக் கொண்டுவர நான் சொல்லவில்லை. அது செய்த ஒரு வேலையை இப்போது எது செய்கிறது என்றுதான் கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021-க்கான கணிப்பு பதின்மூன்றைத் தாண்டிவிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடி வேகமாக முதுமை அடையும் மாநிலங்களில் நாமும் ஒன்று. ஆகவே இது ஒரு சில வீடுகளின் சங்கடம் அல்ல.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இது ஒரே மாதிரி வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போன ஆண்களுக்குப் பெரும்பாலும் வேலைத்தோழரும் மனைவியும்தான் உலகம். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் பாதி போகிறது. மனைவி முந்திவிட்டால் மீதியும் போகிறது. சொந்தக்காரர்களோடு போனில் பேசியது, மொய்க் கணக்கை நினைவில் வைத்தது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து வைத்திருந்தது எல்லாம் அந்த அம்மாள்தான் என்று அப்போதுதான் தெரிய வரும். பெண்களுக்கு நேர்மாறு. ஆள் பழக்கம் இருக்கும், வெளியே போகக் கையில் காசு இருக்காது. அதில் ஒரு மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, என் அத்தை ஒருவர் வாரம் இரண்டு முறை தாதகாப்பட்டியிலிருந்து அஸ்தம்பட்டிக்குத் தங்கையைப் பார்க்கப் போகிறார். முன்பெல்லாம் பொங்கலுக்கும் ஆடிக்கும்தான் போவார். “காசு கேக்கோணும்ல பையங்கிட்ட. எத்தனை தடவை கேக்கறது?” என்றார். அந்தத் திட்டத்தை வேலைக்குப் போகும் பெண்களை வைத்தே பேசுகிறோம். அக்காவும் தங்கையும் பூக்கட்டிக்கொண்டே பேசும் அந்த மூன்று மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

மலைக்கு மேலே விஷயம் வேறு. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஓய்வு பெற்றபின் அங்கே ஒரு வீடு வாங்கி, குளிரில், காப்பித் தோட்டத்து வாசனையில் நிம்மதியாக இருக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். ஆசை நியாயமானது. ஆனால் வாங்கும் முன் மூன்று கேள்விகளை அவர்களிடம் கேட்கத் தோன்றும். பக்கத்து வீட்டில் வருஷம் முழுக்க ஆள் இருப்பார்களா, இல்லை மே மாதக் கோடை விழாவுக்கு மட்டும் வருவார்களா? மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் நடந்து போய்ப் பேச ஓர் இடம் இருக்கிறதா? நீங்கள் கார் ஓட்டுவதை நிறுத்தும் நாளில் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் விரும்புவதில்லை. அமைதி என்று விலை கொடுத்து வாங்கியது ஐந்து வருஷத்தில் தனிமையாக மாறி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்த ஒரு தம்பதியை நான் அறிவேன். அந்த அம்மாளுக்கு மலையில் இருந்தபோது மிகவும் பிடித்த நாள் எது என்று கேட்டேன். சந்தை நாள் என்றார்.

அதே மலையில் பல தலைமுறையாக வாழும் மலையாளி என்ற பெயருள்ள பழங்குடியினரின் கிராமங்களில், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில், முதியவர்களின் நாள் வேறு மாதிரி ஓடுகிறது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். செடிக்குச் செடி ஏறி இறங்க முடியாதவர்கள் களத்தில் உட்கார்ந்து காயும் கொட்டையைக் கிளறிவிட்டு, கெட்டதைப் பொறுக்கிப் போடுவார்கள். பேச்சும் வேலையும் சேர்ந்தே நடக்கும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்து பெரியவர்களும் மேலே வந்துவிடுவார்கள். அவர்களுக்குக் குறை ஆள் பழக்கத்தில் இல்லை. பஸ்ஸில், ஆஸ்பத்திரித் தூரத்தில், கூலியில். ஒரு பக்கம் மருத்துவத்துக்கு வழி இருந்து மனிதர் இல்லை, மறுபக்கம் மனிதர் இருந்து மருத்துவத்துக்கு வழி இல்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருப்பது ஒரு தேயாத தார்ச்சாலை மட்டும்.

இனி, பழகாமல் ஒதுங்குகிறவர்களைப் பற்றி. “அப்பா முன்ன மாதிரி இல்ல, யார்கிட்டயும் பேசறதில்ல, கோபம் கோபமா வருது” என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால் நான் முதலில் கேட்பது, காது எப்படி இருக்கிறது என்பதுதான். வயதானால் வரும் காது மந்தம் சத்தத்தை ஒரே அளவாகக் குறைப்பதில்லை. கீச்சொலிகள் முதலில் போகும். ச, த, ட, ப போன்ற மெய்யொலிகள் அதில் அடங்கும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்று புரியாது. நாலு பேர் சேர்ந்து பேசினால், மிக்சி ஓடினால், பின்னால் டிவி கத்தினால், ஒன்றுமே பிடிபடாது. இரண்டு முறை “என்ன?” என்று கேட்பார். மூன்றாவது முறை கேட்க வெட்கம். சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த விசேஷத்துக்கு வராமல் இருந்துவிடுவார். நாம் சத்தமாகக் கத்துவோம். அது திட்டுவது போலக் கேட்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த மறதி நோய்க் குழு 2024-ல் பட்டியலிட்ட 14 காரணங்களில் காது மந்தமும் இருக்கிறது, ஆள் தொடர்பு அற்றுப்போவதும் இருக்கிறது, கவனிக்காமல் விட்ட கண் பார்வைக் குறைவும் இருக்கிறது. அந்த 14-ஐயும் சரிசெய்ய முடிந்தால் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் மதிப்பீடு. 2023-ல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் காது மெஷினும் பயிற்சியும் கொடுத்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதி வரும் அபாயம் ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களிடம், நினைவாற்றல் தேயும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. எல்லாருக்கும் அற்புதம் நடக்காது, சிலருக்குப் பலன் கிடைக்கலாம்.

காது மந்தமானவரோடு பேச ஒரு முறை இருக்கிறது. டிவியை நிறுத்துங்கள். எதிரே வந்து உட்காருங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். கத்தாமல் மெதுவாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். மெஷின் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய. முதல் ஒரு மாதம் பாத்திரச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டு எரிச்சல் வரும். இரண்டு மூன்று முறை போய் அளவைச் சரிசெய்துகொண்டால்தான் அது பழகும். வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகப் பெற வழி இருக்கிறது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு தடை சிறுநீர். அடக்க முடியவில்லை என்பதற்காகவே கல்யாணம், கோயில், பஸ் பயணம் எல்லாவற்றையும் விட்டவர்கள் ஏராளம், அதிலும் பெண்கள். “எனக்கு எங்கியும் போவ இஷ்டமில்ல” என்பார்கள். இஷ்டம் இருக்கும். மண்டபத்தில் கழிவறை எங்கே, இந்திய முறையா, முட்டி மடங்குமா என்ற பயம்தான் அந்தப் பேச்சு. இதற்கு இடுப்புத்தசைப் பயிற்சி உண்டு, மருந்து உண்டு. விசேஷம் வைக்கிறவர்கள் மாடிப்படி ஏறாமல் போகக்கூடிய ஒரு வெஸ்டர்ன் கழிவறை உள்ள மண்டபமாகப் பார்த்தாலே பத்துப் பெரியவர்கள் கூடுதலாக வருவார்கள்.

உதவி பெறுவதைவிட உதவி செய்வதில்தான் உயிர் இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 423 வயதான தம்பதிகளை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அக்கம்பக்கத்துக்கும் உறவுக்கும் கைகொடுத்தவர்கள் நீடித்தார்கள். உதவி பெற்றதற்கு மட்டும் தனியாக அப்படி ஒரு பலன் தெரியவில்லை. நம் வீடுகளில் மரியாதை என்ற பெயரில் நேர்மாறாகச் செய்கிறோம். “நீங்க சும்மா உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்” என்று கையிலிருந்த பையை வாங்கிக்கொள்கிறோம். உழவர் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி வருவது அவருக்கு வேலை மட்டும் அல்ல. நடை, வெயில், பேரம், கீரைக்கார அம்மாவோடு பத்து நிமிஷம் பேச்சு. அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொத்துமல்லி வாடியிருந்தாலும் பரவாயில்லை.

போன் உதவுமா என்று கேட்பவர்களுக்கு: உதவும், இடம் தெரிந்து பயன்படுத்தினால். துபாயிலிருந்து பேரன் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வீடியோவில் வருவான் என்று தெரிந்தால், நாலு மணிக்கே சட்டை மாற்றித் தலைசீவி உட்காரும் தாத்தாவைப் பார்த்திருக்கிறேன். நேரம் குறித்து வைப்பதில்தான் அந்தச் சக்தி இருக்கிறது. “டைம் கெடைக்கறப்ப கூப்டறேன்” என்றால் அவர் நாள் முழுக்கக் காத்திருப்பார். வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்தை நான் தப்பாகப் பேசமாட்டேன். அது ‘நான் இன்றைக்கும் எழுந்துவிட்டேன்’ என்ற செய்தி. திடீரென ஒருநாள் வரவில்லை என்றால் கூப்பிட்டுப் பாருங்கள். ஆனால் செருப்பு கழன்றதை போன் பார்க்காது.

அரசு ஏற்பாடுகளில் இரண்டைச் சொல்லலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் தருகிறார். பல கிழவிகளுக்கு மாத்திரையைவிட அந்தப் பெண் வாசலில் நின்று பேசிப் போவதுதான் மருந்து. அவசரமாக அவர் கிளம்பாமல் இருக்க ஒரு வாய் காப்பி கொடுத்து உட்கார வைப்பவர்களும் உண்டு. 2025-ல் அன்புச்சோலை என்ற பெயரில் முதியோர் பகல்நேர மையங்கள் தொடங்கப்பட்டன. காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று இதை நினைத்துப் பலர் கூச்சப்படுகிறார்கள். பிள்ளை ஸ்கூலுக்குப் போவது போலத்தான் இது. யாருமில்லாதவர்களும், வீட்டில் துன்புறுத்தப்படுகிறவர்களும், வெறுமனே விவரம் கேட்க விரும்புகிறவர்களும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை.

துணையை இழந்த முதல் வருஷத்தைத் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. பதினாறாம் நாள் வரை வீடு கொள்ளாது. பதினேழாம் நாள் பந்தல் பிரிப்பார்கள், நாற்காலிக்காரர் வந்து எண்ணி எடுத்துப் போவார், சொந்தக்காரர் எல்லாரும் அவரவர் ஊருக்கு. உண்மையான துக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. துணை போன அடுத்த சில மாதங்களில் பின்னால் போகும் ஆபத்து கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரியம்மா இறந்த பிறகு பெரியப்பா இரண்டு மாதம் டீக்கடைக்குப் போகவில்லை. கடைக்காரர் ஒருநாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். துக்கம் விசாரிக்க அவர் ஏற்கெனவே வந்து போயிருந்தார். இது இரண்டாவது வருகை. “என்னங்கய்யா, ரொம்ப நாளா ஆளையே காணோமே? பெஞ்சு சும்மா கெடக்குது” என்று மட்டும் சொன்னார். மறுநாள் பெரியப்பா போனார்.

இப்போது அவர் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புப் போடுகிறார். பின்னால் வார் வைத்தது, கழலாது. தினமும் இரவு அண்ணி கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துச் சொல்கிறார். போன மாதம் காதுக்கு மெஷினும் வந்துவிட்டது. வீட்டில் அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறார். காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, முகம் கழுவி, விபூதி பூசி, மெஷினை மாட்டிக்கொண்டு, குனிந்து செருப்பு வாரை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்.